நாலு மணிக்கு வாசலில் நிற்கும் தெரு

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் காலையில் போவார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மோட்டார் யார் போடுவது, கழிவறை உள்ளேயா வெளியேயா என்று கேட்பார்கள். கலைமதி அப்படிப் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில் போனாள். மகள் பவித்ராவையும் மகன் அஜித்தையும் முன்னால் நடக்க விட்டுவிட்டு, யாரோ எவரோ போலப் பின்தங்கி நடப்பாள். அந்த இரண்டு பிள்ளைகளையும் தெருவில் யார் பார்க்கிறார்கள், எவர் பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைவதெல்லாம் அப்புறம்.

அவள் திருவெள்ளறைக்காரி. கட்டிக்கொண்டதும் அதே ஊரில், வெளிமாநிலத்துக்கு லாரி ஓட்டும் ரெங்கராஜை. மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளவும் தானாகவே கற்றுக்கொண்டாள். அவர் போன பிறகு திருச்சியில் பயிற்சி முடித்து, வீட்டோடு இருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். எல்லோரும் ஹோம் நர்ஸ் என்பார்கள். நர்ஸ் இல்லை என்று அவளே திருத்துவாள். இப்போது தில்லைநகரில் ஒரு பெரியவரிடம் பகல் டூட்டி. ஞாபகம் போன மனிதர். தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கார் வந்துவிட்டதா என்று கேட்பார். ஆபீஸை விட்டு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது என்று சொன்னால் அழுவார். அதனால் கலைமதி, "டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காருங்கய்யா, இப்ப வந்துடுவாரு" என்பாள். அவர் நிம்மதியாக உட்காருவார். மறுத்துப் பேசாதே, கூடவே போ. பயிற்சியில் முதல் வாரம் சொல்லித்தரும் பாடம் அது.

ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் அஜித். ஒருநாள் சாயங்காலம் அவள் பஸ் இறங்கி வரும்போது, அவன் பம்புசெட் கிணற்றின் விளிம்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கை கிணற்றுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் ஒருவரும் அவனைத் தேடவில்லை. எல்லோரும் நடவில் இருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள், நகரத்துக்குள் குடிபோவது என்று வழியிலேயே முடிவெடுத்தாள். பள்ளி விட்டதிலிருந்து தான் வந்து சேரும் வரை பிள்ளைகள் மேல் யாருடைய கண்ணாவது இருக்கவேண்டும். அப்படிப்பட்ட தெரு வேண்டும். வேறு எந்த வசதியும் அவளுக்குப் பெரிதில்லை.

வீடு காட்ட வந்த புரோக்கர் அடைக்கலம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஸ்டூலையே ஆபீஸாக வைத்திருந்தவர். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பாத்திரக் கடையின் மாடியைக் காட்டினார். பிள்ளைகள் அந்தச் சந்தில் நடந்தபோது மூட்டை தூக்கிப் போனவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஓரம் போ" என்று கத்தினான். வேறு ஒருவரும் பார்க்கவில்லை. பொன்மலைப் பக்கம் ஒரு வீடு. அங்கே பார்த்தார்கள், பேசினார்கள். ஆனால் வழியில் பாழடைந்து ஆலங்கன்று முளைத்துக் கிடந்த ஒரு பழைய வீட்டுக்குள் அஜித் அதற்குள் நுழைந்துவிட்டிருந்தான்.

"ஏம்மா, நீ வீடு பாக்குறியா, சாமி புறப்பாடு நடத்துறியா? தெருத்தெருவா பிள்ளைங்கள ஊர்கோலம் விடுற" என்றார் அடைக்கலம்.

"குடியிருக்கப்போறது அதுங்கதானே. நான் ராத்திரி தூங்க வர்றவ."

"சரி, சீரங்கத்துல ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளா பூட்டிக் கிடக்கு. வீட்டுக்காரர் வர்றவங்களையெல்லாம் வேணாம்னு திருப்பி அனுப்புறாரு. நீயும் பாத்துட்டுத் திட்டிட்டு வா."

வடக்கு வாசலைத் தாண்டி, கொள்ளிடத்துப் பக்கம் போகும் வழியில் இருந்தது அந்தத் தெரு. நீளமில்லாத தெரு. ஒரு பக்கம் திறந்து, மறுபக்கம் ஒரு மதிலில் முடிவது. பிள்ளைகள் உள்ளே நுழைந்தபோது நாலு மணி. கலைமதி மூலையில் நின்றாள்.

ஒவ்வொரு வாசலிலும் ஆள் இருந்தது.

கோலம் போடவில்லை, பூ வாங்கவில்லை, ஒருவரோடொருவர் பேசவும் இல்லை. சும்மா வாசலில் நின்றார்கள். பாதிக்கு மேல் தலை நரைத்தவர்கள். பிள்ளைகள் நடக்க நடக்க, தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அஜித் ஒரு நாயின் பின்னால் ஓடினான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் பவித்ராவைப் பார்த்தார்கள். நீல யூனிபாரம், முதுகில் பை, காலில் கழன்ற சாக்ஸ். அவளும் ஏதோ உறைத்ததுபோல நடையைக் குறைத்தாள்.

இத்தனை கண்ணா என்று கலைமதிக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் செய்த தவறு இதுதான். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்த்தவள், எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் லக்ஷ்மணன், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த, சுத்தமான மனிதர். அவரும் மனைவி அம்மணியும் முன்கட்டில் இருந்தார்கள், பின்கட்டு வாடகைக்கு. சீரங்கத்தில் வீடு கேட்டால் என்ன கேட்பார்களோ அதற்கெல்லாம் கலைமதி பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் என்ன செய்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

"பாப்பா என்ன படிக்கிது?"

"நாலாவதுங்க."

அவர் கொஞ்ச நேரம் பவித்ராவின் உயரத்தைப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். "எப்ப பால் காய்ச்சுறீங்க?"

அடைக்கலம் வெளியே வந்ததும் தலையைச் சொறிந்தார். "என்னம்மா மாயம் பண்ணுன? அட்வான்ஸ்கூடப் பாதி போதுங்குறாரு. இந்த மனுசன் ஒரு கலெக்டரையே திருப்பி அனுப்பினவரு."

"கலெக்டர் உங்ககிட்ட வந்து எதுக்கு வீடு கேக்குறாரு?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தாம்மா!"

பால் காய்ச்சிய அன்றே கலைமதி இரண்டு விஷயங்களைக் கவனித்தாள். முன்கட்டுக் கூடத்தில் ஒரு ஆணி தனியாக நின்றது. அதன் கீழே சுவர், சட்டம் போட்ட படத்தின் அளவுக்கு வெளுப்பாக இருந்தது. அடுத்தது, அம்மணி அம்மா ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். ரவிக்கையின் கொக்கிகள் மாற்றி மாட்டியிருந்தன. ஞாபகம் போகிற நோய். தனக்குப் பழகிய நோய் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் போடாத, சிரித்த முகமான நோயாளி. இவரால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று தன் தொழில் கண்ணால் எடைபோட்டு முடித்துவிட்டாள்.

முதல் மாதம் சொர்க்கம். எட்டு மணிக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு அவள் தில்லைநகருக்குப் போவாள். இருட்டிய பிறகு திரும்பி வந்தால் பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள், வீட்டுப்பாடம் முடிந்திருக்கும். எதிர்வீட்டு வீரம்மாள் அஜித்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வாள். பவித்ரா முன்கட்டில். தலைகூட வாரியிருக்கும், இரட்டைப் பின்னல், மடித்து, காதோரம் சிவப்பு ரிப்பன். இந்தக் காலத்தில் யார் இப்படிக் கட்டுகிறார்கள் என்று கலைமதி நினைத்தாள். ஆனால் பேன் இல்லாமல் இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்தாள். பவித்ரா தட்டைத் தள்ளினாள்.

"எனக்கு மீன் ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சிடும்."

"யாருடி சொன்னா? முள்ளைக்கூட விடாமத் தின்றவளாச்சே நீ."

"எனக்குத் தெரியும்" என்றாள் பவித்ரா. 

இன்னொரு நாள், கலைமதி கிணற்றடிப் படியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது, "அந்தக் கடைசிப் படி வழுக்கும்மா. யூகேஜி படிக்கும்போது அங்கதான் விழுந்து பல்லு உடைஞ்சிது" என்றாள் பவித்ரா. யூகேஜி படித்தது திருவெள்ளறையில். அவளுக்குப் பல் உடைந்ததே இல்லை. கலைமதி கையில் விளக்குமாற்றோடு நின்றாள்.  

அதற்குப் பிறகுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். தெருவில் எல்லோருக்கும் அஜித்தின் பெயர் தெரிந்திருந்தது. "டேய் அஜித்து, கேட்ல ஏறாத", "அஜித்தைப் புடி, சாக்கடையில எறங்குறான்" என்று நாள் முழுவதும் அவன் பெயர் அடிபட்டது. பவித்ராவை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பாப்பா, பாப்பா என்றுதான். இங்கே வந்ததிலிருந்து அவள் பெயர் என்ன என்று ஒருவருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒருநாள் தில்லைநகர்ப் பெரியவரைப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கலைமதிக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்தாள். தெரு மூலைக்கு வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது, முதல் நாள் பார்த்த மாதிரியே. அவள் மின்கம்பத்தின் பின்னால் நின்றுகொண்டாள்.

வேன் வந்தது. அஜித் முதலில் குதித்தான். வீரம்மாள் அவன் கையில் முறுக்கைத் திணித்து, வாயைப் பொத்தாத குறையாக உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அப்புறம் பவித்ரா இறங்கினாள். தெருவில் ஒரு சத்தமில்லை. யார் வீட்டிலோ ஓடிய டிவியையும் நிறுத்தினார்கள். லக்ஷ்மணன் தன் வீட்டுக் கதவை மெல்லத் திறந்தார். அம்மணி அம்மா வெளியே வந்தார்.

"ப்ரீத்தி, ஏம்மா இவ்ளோ லேட்டு?"

"டீச்சர் விட நேரமாயிடுச்சும்மா."

"கால் வலிக்கிதா?"

"லேசா வலிக்கிதும்மா."

அம்மணி அம்மா பையை வாங்கிக்கொண்டு குழந்தையை அணைத்தபடி உள்ளே போனார். தெரு முழுவதும் மூச்சு விட்டது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. டிவி மறுபடி பேசியது.

கலைமதிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் என்னவென்று கத்துவது? டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று தினமும் சொல்கிறவள் அவள்.

லக்ஷ்மணனைக் கிணற்றடியில் பிடித்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரே மகள், ப்ரீத்தி. நாலாவது படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அம்மணி அதைத் தாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். நோய் வந்த பிறகுதான் நாலு மணிக்குத் தெருவுக்கு ஓடிவந்து பிள்ளை இன்னும் வரவில்லை என்று கதற ஆரம்பித்தார்.

"உங்கள மாதிரி ஒரு பொண்ணு வேலைக்கு வந்துச்சும்மா. மறுத்துப் பேசாதீங்கய்யா, கூடவே போங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. அதான் தெருவுல ஆளுக்கொரு நாள் முறை வச்சோம். ஒருத்தர் வேன் பஞ்சர்ம்பாங்க, ஒருத்தர் ஸ்பெஷல் கிளாஸ்ம்பாங்க. மூணு வருஷம் ஓட்டினோம். இப்ப அவ சாப்பிடுறா, தூங்குறா. எல்லாம் பாப்பா வந்த ராசி."

"என் பிள்ளையைக் கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. நாடகம் மாதிரி நடிக்கணும்னு சொல்லி, ப்ரீத்தி கதையெல்லாம் சொல்லிக்குடுத்தேன். சந்தோஷமா ஒத்துக்கிச்சு."

"என்னைக் கேட்டீங்களா?"

அவர் கிணற்றுக்குள் பார்த்தார்.

அன்று மாலை கலைமதி பவித்ராவைத் தன் முன் உட்காரவைத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பவித்ரா ரிப்பன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "நீ வர்றதுக்குள்ளதான் நான் பவித்ராவா மாறிடுறேன்ல."

"மாறாம இருந்தா?"

"அப்ப அங்கயே இருப்பேன். அம்மா எண்ணெய் தேச்சுவிடுவாங்க."

"எந்த அம்மாடி?"

குழந்தை யோசித்தது. கலைமதிக்கு அந்த யோசனைதான் பொறுக்கவில்லை.

விடிந்ததும் அடைக்கலத்துக்குப் போன் போட்டாள். வேறு வீடு கிடைக்கும்வரை டூட்டிக்குப் போவதில்லை என்று ஏஜென்ஸியிலும் சொல்லிவிட்டாள். வீரம்மாள் சண்டைக்கே வந்தாள்.

"பிள்ளைக்கு என்ன குறைஞ்சுபோச்சும்மா இங்க? நேரத்துக்குச் சோறு, தலை வாரி, படிப்பு சொல்லிக்குடுத்து... ஊருல கெணத்து மேட்டுல போட்டு வச்சிருந்தியாமே, அது நல்லா இருந்துச்சா?"

"பேரு குறைஞ்சுபோச்சுக்கா."

"பேராம் பேரு. ஒரு மணி நேரம் அந்தம்மாவுக்காக வேற பேருல இருந்தா பிள்ளை தேஞ்சா போயிடும்?"

"உங்க பேரனை அனுப்புங்களேன் ஒரு மணி நேரம்."

வீரம்மாள் திரும்பித் தன் வீட்டுக்குள் போனாள்.

அன்று நாலு மணிக்குக் கலைமதி தானே தெரு நடுவில் போய் நின்றாள். வாசல்களில் நின்றவர்கள் அவளைப் பார்க்காததுபோலப் பார்த்தார்கள். வேன் வந்தது. அவள் மகள் இறங்கினாள். அதே நேரத்தில் எதிர்ப்புறம் கதவு திறந்து அம்மணி அம்மா வந்தார்.

"பவித்ரா" என்றாள் கலைமதி. இரண்டாவது தடவை இன்னும் பலமாக, "பவித்ரா!"

குழந்தை நடுவில் நின்றது. அவளைப் பார்த்தது, அம்மணி அம்மாவைப் பார்த்தது. பிறகு, பழகிய கால்கள் போகிற மாதிரி, அம்மணி அம்மாவின் பக்கம் ஓரடி எடுத்துவைத்து, "இரும்மா, அவங்க கூப்பிடுறாங்க" என்றது.

  

அம்மணி அம்மா குழந்தையைத் தாண்டி நேராகக் கலைமதியிடம் வந்தார். அவர் கண் தெளிவாக இருந்தது. ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கதான் இந்தப் பிள்ளையோட அம்மாவா? நல்லவேளை வந்தீங்க. தினம் இந்த நேரத்துக்கு வருது. என்னையப் பாத்து அம்மாங்குது. வீடு மறந்துபோச்சு போல, பாவம். இல்லைன்னு சொன்னா அழுதுடும்ல? அதான் நானும் கூடவே பேசிக்கிட்டு இருக்கேன்."

லக்ஷ்மணன் கதவைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒருவரும் அசையவில்லை.

"உங்க பொண்ணு எங்கம்மா?" என்று கலைமதி கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது, வாய் முந்திக்கொண்டது.

"அவ எப்பவோ போயிட்டாளே. ஒங்களுக்குத் தெரியாதா?" அம்மணி அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு அந்தத் தெளிவு, விளக்கைத் தணிப்பதுபோலத் தணிந்தது. கழுத்தை நீட்டித் தெரு முனையைப் பார்த்தார். "வேன் வந்துடுச்சாங்க? நாலு மணியாச்சே."

இந்த நோயில் இப்படி நடக்கும். மேகம் விலகும், மூடும். அதற்கு அர்த்தம் தேடக்கூடாது என்று கலைமதிக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாளும் மேகம் விலகியே இருந்ததா, அந்த அம்மா எந்தெந்த நாள் தன் பிள்ளைக்குத் தலை வாரினார், எந்தெந்த நாள் யாரோ ஒரு வழி தவறிய பிள்ளைக்கு வாரினார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெருவே ஒருத்திக்காக நடித்தது. அந்த ஒருத்தி ஒரு குழந்தைக்காக நடித்தாள். நடிக்காமல் மிச்சமிருந்தது குழந்தை மட்டும்தான்.

பவித்ரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பிடி உடும்புப் பிடியாக இருந்தது.

பொன்மலைப்பட்டியில் வீடு கிடைத்தது. சின்ன வீடு, பக்கத்தில் வெல்டிங் பட்டறை, நாள் முழுக்க இரைச்சல். மூன்று மணிக்கு முடிகிற டூட்டியாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சம்பளம் குறையும், குறையட்டும் என்று ரெங்கராஜிடம் போனில் சொன்னாள். "தெரு எப்படி?" என்று அவன் கேட்டான். "பாக்கல" என்றாள்.

சாமான்களைக் குட்டியானையில் ஏற்றியபோது தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. லக்ஷ்மணன் மட்டும் வந்து பீரோவுக்குக் கை கொடுத்தார். அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, பரிதாபமும் இல்லை. நாலு மணிக்கு அம்மணி அம்மா கையில் ஏதாவது வேலை கொடுத்துப் பாருங்கள், வெந்தயக்கீரை ஆயச் சொல்லுங்கள் என்றாள். அவர் தலையாட்டினார். செய்யமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

வண்டி கிளம்பும் நேரத்தில் அம்மணி அம்மா கேட்டருகே வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பவித்ராவை உற்றுப் பார்த்தார். யார் என்று தெரிந்ததா, தெரியவில்லையா, முகத்தில் ஒன்றும் இல்லை. கலைமதியின் முழங்கையைத் தொட்டார்.

"அந்த வீட்லயாவது இந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா" என்றாள் கலைமதி.

தில்லைநகரில் கார் வந்துவிடும் என்று சொல்கிற அதே குரலில்தான் அது வந்தது. அவளுக்கே கேட்டது. வண்டியில் ஏறி மகளைத் தள்ளி உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். வண்டி மூலையில் திரும்பும்வரை பவித்ரா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஜித் மட்டும் ஜன்னல் வழியாக, சாத்திய கதவுகளுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டே போனான்.